ஆயா படம் ஏன் சிவந்தது? நீடித்து நிற்கும் கறுப்பு-வெள்ளை இங்க்ஜெட் பிரிண்டுக்கு மையும் பேப்பரும்: முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். இடது பக்கம் தாத்தா. 1961-ல் ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்து, இருட்டறையில் கழுவிய பழைய வெள்ளி பிரிண்ட். வலது பக்கம் ஆயா. அவர் 2015-ல் தவறியபோது, ஒரு பழைய படத்தை ஸ்கேன் செய்து, என்னிடம் இருந்த ஆறு கலர் டேங்க் பிரிண்டரில் கிளாசி பேப்பரில் நானே அடித்தேன். பலகையில் ஒட்டி, கண்ணாடி போடாமல் மாட்டினேன். அன்றைக்குத் தாத்தா படத்தைவிட ஆயா படம்தான் பளிச்சென்று இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்துத் திதிக்கு வந்த அத்தை படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடா இது, எங்கம்மா மூஞ்சி இப்டி செவந்து கெடக்கு?"

உண்மைதான். சாம்பல் நிறமெல்லாம் செம்மண் நிறமாகியிருந்தது. பக்கத்தில் தாத்தா, ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும், அப்படியே.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். இது கண்காட்சி வைப்பவர்களுக்காக எழுதியதில்லை. வீட்டுப் பெரியவர் படம், கல்யாண ஆல்பம், நாமே எடுத்த காசிமேடு விடியற்காலைப் படம் என்று எதுவானாலும், ஒரு முறை அடித்தால் பேரப்பிள்ளை காலம்வரை நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக.

முதலில், படத்தைத் தின்பது எது?

கறுப்பு-வெள்ளைதானே, கலரைவிட உறுதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண பிரிண்டரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே சாம்பல் நிறம் என்று தனியாக ஒரு மை கிடையாது. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் அளவாகத் தூவினால் கண் அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்று கொஞ்சம் வெளுத்தாலும் தராசு சாய்ந்துவிடும். கலர் படத்தில் புடவையின் பச்சை பத்து சதவீதம் வெளுத்தால் யாருக்கும் தெரியாது. சாம்பல் முகத்தில் அதே பத்து சதவீதம் உடனே கண்ணில் குத்தும்.

வெளுக்க வைப்பவை மூன்று: வெளிச்சம், காற்று, ஈரம். வெயில் பட்டால் சாயம் போகும் என்று துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரியும். காற்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஓசோன் என்றதும் வானத்துப் படலம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வண்டிப் புகையும் ஆலை ஆவியும் வெயிலில் வெந்து தரை மட்டத்திலும் ஓசோனை உண்டாக்குகின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாய மைகளில் இந்த வாயுவிடம் பெரும்பாலும் முதலில் தோற்பது நீலச் சாயம். நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். ஆயா சிவந்தது இப்படித்தான். இது நம் ஊருக்கு மட்டும் வந்த கதையும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பல வருஷம் உழைக்கும் என்று விற்ற ஒரு போட்டோ பிரிண்டரின் படங்கள் சிலர் வீட்டில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாகின. காரணத்தைத் தோண்டியபோது கிடைத்தது வெளிச்சம் இல்லை, காற்றிலிருந்த ஓசோன்.

ஒரு கிளைக் கதை. பழைய வகை ஜெராக்ஸ் மெஷின்களில் உயர் மின்னழுத்தக் கம்பி ஒன்று இருக்கும், அதுவும் ஓசோனைக் கக்கும். மெஷினைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாடை அதுதான். ஜெராக்ஸ் கடையிலேயே மாதிரிக்கு மாட்டியிருக்கும் போட்டோக்களின் நிறம் ஏன் அப்படி இருக்கிறது என்று இனி உங்களுக்குப் புரியும்.

மூன்றாவது, ஈரம். கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தால் போதும். என் கூடத்து ஈரமானி பெரும்பாலான காலைகளில் 75-க்கும் 80-க்கும் நடுவில் நிற்கிறது. பெட்டியில் "100 ஆண்டு", "200 ஆண்டு" என்று அச்சிடும் எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். அந்த எண்களில் பல, வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் என்ற அமெரிக்கச் சோதனைக்கூடத்தின் முறையில் வருபவை. நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மே மாத ராயபுரத்தில் 24 டிகிரிக்கு எங்கே போவது? அந்த எண்களை ஒரு மையை இன்னொரு மையோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள், உங்கள் வீட்டுச் சுவருக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: உங்கள் பிரிண்டரில் இருப்பது சாயமா, நிறமியா?

கடையில் டை இங்க், பிக்மென்ட் இங்க் என்பார்கள். டை என்பது சாயம். தண்ணீரில் சர்க்கரைபோலக் கரைந்திருக்கும். பிக்மென்ட் என்பது நிறமி. கரையாமல், மிக நுண்ணிய துகளாக மிதக்கும், பல மைகளில் ஒவ்வொரு துகள் மேலும் பிசின் பூச்சு இருக்கும். சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் வெளிச்சத்துக்கும் வாயுவுக்கும் தனித்தனியாக அகப்படும். நிறமியில் துகளின் வெளித்தோல் அடிபட்டாலும் உள்ளே இருப்பது தப்பும். ஆயுள் வித்தியாசத்துக்கு இதுதான் காரணம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. வெறும் ஏ4 தாளில் நான்கைந்து கட்டங்களை ஒவ்வொரு மையிலும் அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கலங்கி ஓடினால் சாயம். பெரும்பாலும் அசையாமல் நின்றால் நிறமி. லிட்டர் கணக்கில் விற்கும் மாற்று மை பாட்டில்களில் "பிக்மென்ட்" என்று லேபிள் இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நம்பாதீர்கள்.

நம் ஊரில் அதிகம் புழங்கும் போட்டோ டேங்க் பிரிண்டர்களான எப்சன் எல்805, எல்8050, எல்18050 எல்லாமே சாய மை. பல ஆபீஸ் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி, கலர் மூன்றும் சாயம். அதைக் கேட்டு, கறுப்பு நிறமிதானே என்று ஏமாற வேண்டாம். கிளாசி பேப்பரைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மெஷின் நிறமிக் கறுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று சாயத்திலிருந்தே கறுப்பைக் கலக்கும். ஸ்டுடியோக்களில் ரசாயனத்தில் கழுவாமல் படம் அடித்துத் தரும் டிரை லேப் மெஷின்களும் பெரும்பாலும் சாய மைதான்.

கறுப்பு-வெள்ளைக்கென்றே யோசிப்பவர் பார்க்க வேண்டியது, நிறமி மையோடு சாம்பல் மையும் தனி டேங்கில் இருக்கிற பிரிண்டரை. எப்சன் ஷ்யூர்கலர் பி700, பி900 இரண்டிலும் இரு வகைக் கறுப்பும், சாம்பல், வெளிர் சாம்பல் என்று இரண்டும் உண்டு. கேனன் ப்ரோ-300-ல் இரு கறுப்பும் ஒரு சாம்பலும், ப்ரோ-1000-ல் இரு கறுப்பும் இரண்டு சாம்பலும். இவற்றில் சாம்பல் நிறத்தின் பெரும்பகுதி உண்மையான கறுப்பு நிறமியிலிருந்தே வருகிறது, கலர் மை ஊறுகாய் அளவுக்குத்தான்.

வாங்கலாமா? என் அபிப்பிராயத்தில், மாதம் பதினைந்து இருபது பெரிய பிரிண்ட் போடாதவர் வாங்கக் கூடாது. நிறமி மை சும்மா இருந்தால் மை தெளிக்கும் பிரிண்டர் தலையை அடைக்கும், சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் காசு கழிவுப் பெட்டிக்குள் போகும். நிறமி பிரிண்டர் வைத்திருக்கும் லேபில் கொடுத்து வாங்குவதே லாபம். கொடுக்கும் முன் மூன்று கேள்வி: எந்த மை? பேப்பரின் முழுப் பெயர் என்ன? கறுப்பு-வெள்ளைத் தனி முறையில் அடிப்பீர்களா, கலர் முறையிலா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் கொடுங்கள். "அதெல்லாம் பர்ஸ்ட் குவாலிட்டி சார்" என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

சாய டேங்கைக் கழுவிவிட்டு அதில் நிறமி மையை ஊற்றலாமா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. இரண்டும் கலந்தால் கட்டி தட்டும், தலை போகும். அடுத்த பகுதியில் சொல்லும் வழியைத் தெரிந்து செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் தொட வேண்டாம்.

படி 2: கரி

மைகளில் கரியை மிஞ்சிய ஆயுள் எதற்கும் இல்லை. இதை நமக்கு வெளியூர் ஆய்வாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. விளக்குச் சுடரில் பிடித்த புகைக்கரியில்தான் கண்மை செய்தார்கள். எழுத்தாணியால் ஓலையில் கீறி, அந்தக் கீறலில் கரி கலந்த மையைத் தடவித் துடைத்தார்கள். ஓலை பழுத்து ஓரம் உதிர்ந்த சுவடியிலும் எழுத்து கறுப்பாகவே இருக்கிறது. வெளிச்சமோ ஓசோனோ சாதாரண அறையில் கரியை ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல நிறமி பிரிண்டரின் கறுப்பு மையிலும் சாம்பல் மையிலும் இருப்பது இந்தக் கரி நிறமிதான். அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனவர்கள் உண்டு. ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராபி முறையில் பிரிண்டரின் எல்லாக் கலர் டேங்கையும் எடுத்துவிட்டு, கறுப்பிலிருந்து வெளிர் சாம்பல்வரை பல படிகளில் நீர்த்த மைகளையே நிரப்புகிறார்கள். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் அந்தப் பிரிண்டரை ஓட்டுகிறது. அது எல்லா மாடலுக்கும் வராது, குறிப்பிட்ட எப்சன் மாடல்களுக்குத்தான்.

வெறும் கரி மையில் ஒரு சங்கதி உண்டு: அடித்த படம் நடுநிலைச் சாம்பலாக வராது. பளபளப்பில்லாத மேட் பேப்பரில் இளம் பழுப்பு கலந்து, பழைய படத்தின் சாயலில் வரும். அந்தச் சாயல் எனக்குப் பிடிக்கும், தாத்தா படத்தின் பக்கத்தில் பொருந்தியும் போகும். துல்லியமான நடுநிலைச் சாம்பல் வேண்டும் என்றால் துளி நீல நிறமி சேர்க்க வேண்டும், அந்தத் துளியின் ஆயுள்தான் பிறகு படத்தின் ஆயுள். அதனால் பிரிண்டரில் சாயல் தேர்ந்தெடுக்கும் இடத்தில் லேசான வெதுவெதுப்பு, அதாவது இளம் பழுப்பு பக்கமாகப் போனால் கலர் மையைக் குறைவாக நம்பியிருக்கிறீர்கள் என்று பொருள். அடர்ந்த பழுப்பான செப்பியா பக்கம் போனால் மறுபடியும் கலர் மை கூடுகிறது.

படி 3: இரண்டு கறுப்பு, இரண்டு பேப்பர்

நிறமி பிரிண்டரில் போட்டோ பிளாக், மேட் பிளாக் என்று இரண்டு இருக்கும். பளபளப்பு, அரைப் பளபளப்பு, பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சு போட்டது) பேப்பருக்குப் போட்டோ பிளாக். பருத்தி மேட், வாட்டர்கலர் மாதிரியான பேப்பருக்கு மேட் பிளாக். மாற்றிப் போட்டால், மேட் பேப்பரில் கறுப்பு சாம்பலாகத் தளர்ந்துபோகும். கிளாசியில் மேட் பிளாக் ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் டிரைவரில் பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மெஷினே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு வகைப் பேப்பரின் கறுப்பும் ஒன்றல்ல. மேட் பேப்பரில் கறுப்பின் அடர்த்தி எண் 1.6, 1.7 என்ற அளவில் நிற்கும், அதாவது விழுந்த வெளிச்சத்தில் சுமார் 2 சதவீதம் திரும்பி வருகிறது. பரைட்டாவில் 2.3 வரை போகும், திரும்பி வருவது அரை சதவீதம்தான். இரவில் துறைமுக விளக்குகள், மழை நாளின் ஆண்டர்சன் தெரு மாதிரி இருட்டுதான் விஷயம் என்கிற படத்துக்குப் பரைட்டா. முகம், சுருக்கம், நூல் புடவை என்றால் மேட் பேப்பரின் மென்மை அழகு. கண்ணாடிக்குள் போன பிறகு இந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 4: பேப்பர்

மையை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் பேப்பரில் கோட்டை விடுகிறார்கள். கரி 100 வருஷம் நிற்கும், அடியிலிருக்கும் பேப்பர் பத்து வருஷத்தில் மஞ்சளானால் என்ன பயன்?

பேப்பரின் உடம்பு மூன்று விதம். ஒன்று, 100 சதவீதம் பருத்தி. இயல்பிலேயே சுத்தமான செல்லுலோஸ், நார் நீளம், ஆயுள் அதிகம். இரண்டு, ஆல்பா செல்லுலோஸ். மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்கிச் சுத்தப்படுத்தியது. லிக்னின் என்பது நியூஸ்பேப்பரை வெயிலில் பழுப்பாக்குகிற பொருள். மூன்று, ஆர்சி. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்ட பேப்பர், நம் ஊரில் "போட்டோ பேப்பர்" என்று கட்டுக் கட்டாக விற்பது. ஆர்சி பேப்பரில் நிறமி மை அடித்து ஆல்பத்தில் வைத்தால் தப்பில்லை. தலைமுறைக்கென்றால் முதல் இரண்டில் ஒன்று.

மேலே இருக்கும் பூச்சையும் பார்க்க வேண்டும். உடனே காயும் பேப்பர்கள் நுண்துளைப் பூச்சு கொண்டவை, கடற்பாசிபோல மையை உறிஞ்சும். அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்றும் உள்ளே போகும். சாய மை, நுண்துளைப் பேப்பர், கண்ணாடி இல்லாத சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆயா கதை.

அடுத்தது வெண்மை. பளீர் வெள்ளைப் பேப்பரில் பெரும்பாலும் வெண்மையூட்டி ரசாயனம் இருக்கும். நம் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவதன் நவீன வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும். நாளாக ஆக அதன் சக்தி தீர்ந்து, பேப்பர் தன் அசல் நிறத்துக்கு இறங்கும். அதுவும் சட்டத்துக்குள் மறைந்த ஓரம் வெள்ளையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இரண்டு நிறமாக நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா லைட் போதும். ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் முதன்முறை அந்தச் சின்ன டார்ச்சை எடுத்தபோது, கடைக்காரப் பெரியவர், "இன்னா தம்பி, நோட்டு செக் பண்றியா?" என்று சிரித்தார். மேசையில் நான்கு தாளை விசிறிபோல விரித்து, ஷட்டர் நிழலுக்குள் கொண்டுபோய் லைட்டை அடித்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டை நீலமாக எரிந்தது. "ஆர்ட் பேப்பர்" என்று அவர் கொடுத்த 300 ஜிஎஸ்எம் அட்டையும் எரிந்தது. நான் கையோடு எடுத்துப் போயிருந்த பருத்தித் துண்டு ஒன்று மட்டும் மங்கிய ஊதாவில் செத்ததுபோலக் கிடந்தது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்மகிட்ட கெடையாது" என்றார். அதுதான் வேண்டியது. பின்பக்கத்தையும் பாருங்கள், சில பேப்பரில் ஒரு பக்கம் மட்டும் எரியும்.

ஜிஎஸ்எம் என்பது எடைதான், தரம் அல்ல. விசிட்டிங் கார்டு அட்டைகூட 300 ஜிஎஸ்எம் இருக்கிறது.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால்: வெண்மையூட்டி இல்லாத பருத்தி மேட் பேப்பருக்கு கேன்சன் ராக் போட்டோகிராபிக் அல்லது ஹானமூலே மியூசியம் எட்ச்சிங். பளபளப்புக்கு கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ராக். அதுவும் பருத்தி, அதிலும் வெண்மையூட்டி இல்லை. ஹானமூலே போட்டோ ராக் 308 மிகப் பிரபலம், கொஞ்சம் வெண்மையூட்டி உண்டு. கண்ணாடிக்குள் போகும் படத்துக்கு எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பரைட்டா என்றாலே தலைமுறை காக்கும் என்று நினைக்காதீர்கள். பரைட்டா என்பது பேரியம் சல்பேட் பூச்சு, அவ்வளவுதான். அடியிலிருப்பது பருத்தியா, வெண்மையூட்டி எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முழுக் கட்டு வாங்கும் முன் ஏ4 மாதிரிக் கட்டு வாங்குங்கள். பிரித்த கட்டை அதே பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக வையுங்கள். ஈரம் ஏறிய பேப்பர் ஓரம் தூக்கும், தூக்கிய ஓரம் பிரிண்டர் தலையில் உரசும், கறுப்புக் கோடு விழும். பருத்திப் பேப்பரில் தூசுபோல நார்த்துகள் இருக்கும். அடிக்கும் முன் மெல்லிய பிரஷால் தட்டாவிட்டால், பிறகு அந்தத் துகள் உதிர்ந்து கறுப்பு நடுவே வெள்ளைப் புள்ளி தெரியும்.

படி 5: அடிப்பது

இதை வேகமாகக் கடக்கிறேன். மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாஸில் செக் எடுங்கள். ஒரு கோடு விட்டிருந்தாலும் சாம்பலில் பட்டை தெரியும். எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட், கேனனில் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் கலர் மையைக் குறைத்து, கறுப்பையும் சாம்பலையும் முன்னால் நிறுத்தும். பேப்பர் கம்பெனி எந்த மீடியா வகையைச் சொல்கிறதோ அதையே வையுங்கள்.

முதல் தாளில் படம் வேண்டாம். 0-லிருந்து 100 வரை ஐந்தைந்தாக ஏறும் 21 கட்டச் சாம்பல் படிக்கட்டு ஒன்றை அடியுங்கள். 95-ம் 100-ம் தனித்தனியாகத் தெரிகிறதா? 5-ம் வெறும் பேப்பரும் தெரிகிறதா? தெரியாத இடத்தில் உங்கள் படத்தின் தலைமுடியும் வேட்டி மடிப்பும் தொலையப்போகின்றன. படத்தை ஜன்னல் வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் பாருங்கள். ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் பச்சை என்று மாறினால் கலர் மை அதிகம் கலந்திருக்கிறது. திரையைவிடப் பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருப்பவர்கள்.

அடித்த கையோடு சட்டம் போடாதீர்கள். மையிலிருக்கும் கிளைக்கால் என்ற திரவம் மெதுவாகத்தான் வெளியேறும். அவசரப்பட்டு மூடினால் அது கண்ணாடியின் உட்பக்கம் பனிபோலப் படியும். ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு மேலே வெறும் அமிலமற்ற தாளைப் பரப்பி இரண்டு நாள். தாள் சுருங்கினால் மாற்றுங்கள், அது உறிஞ்சுகிறது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை என்றால் ஒரு வாரம்.

படி 6: உங்கள் சுவரே சோதனைக்கூடம்

எவ்வளவு படித்தாலும் உங்கள் வீட்டுக் காற்றைப் பற்றி உங்கள் வீட்டுக் காற்றுதான் சொல்லும். சாம்பல் படிக்கட்டை மூன்று பிரதி அடியுங்கள். ஒன்றை உறையில் போட்டு பீரோவில் பூட்டுங்கள். இரண்டாவதை மேற்கு ஜன்னலின் உட்பக்கம் கண்ணாடியோடு ஒட்டுங்கள், இது வெளிச்சத்துக்கு. மூன்றாவதை வெயில் படாத, ஆனால் தெருக் காற்று அடிக்கிற இடத்தில், வாசல் நிலைக்கு மேலே கண்ணாடி இல்லாமல் மாட்டுங்கள், இது காற்றுக்கு. பலர் ஒரே பட்டையில் பாதியை அலுமினியத் தாளால் மூடிவிட்டு ஒப்பிடுகிறார்கள். தாளுக்கு அடியிலும் காற்று போகுமே! அதனால்தான் பீரோ பிரதி.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் பக்கத்தில் வைத்து, நடுச் சாம்பலையும் வெறும் பேப்பரையும் பாருங்கள். நான் சாய மையையும் நிறமி மையையும் சேர்த்து மாட்டியபோது, வாசல் பட்டையில் சாயம் இரண்டாவது பார்வையிலேயே ரோஸ் அடித்திருந்தது, நிறமியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பட்டையில் நிறமியின் சாம்பல் நின்றது, பளீர் வெள்ளைப் பேப்பர்தான் மஞ்சளானது. மையும் பேப்பரும் தனித்தனியாகச் சாகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

படி 7: சட்டம்

தங்கசாலைப் பக்கம் சட்டம் போடும் அண்ணன் ஒருவரிடம் பல வருஷமாகப் போகிறேன். வழக்கமான முறை நமக்குத் தெரியும்: கண்ணாடி, அதோடு ஒட்டிப் படம், பின்னால் ஹார்டுபோர்டு, செல்லோ டேப், ஆணி. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வரும். நான் நடுவில் இடைவெளி விட, படத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் அட்டையான மவுண்ட் கேட்டபோது, "அது எதுக்கு சார், ஓரம் வெள்ளையா தெரியும், ஜனங்க படம் சின்னதா போச்சும்பாங்க" என்றார். ஒட்டிப்போன ஒரு கல்யாணப் படத்தை அவரே எடுத்துக் காட்டிய பிறகு இறங்கி வந்தார்.

கேட்க வேண்டியவை இவை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமிலமற்ற அட்டையில் வெட்டிய மவுண்ட். ஹார்டுபோர்டுக்கும் படத்துக்கும் நடுவில் இன்னொரு அமிலமற்ற அட்டை, ஏனென்றால் ஹார்டுபோர்டு அமிலம் கக்கும். செல்லோ டேப்பும் பெவிகாலும் படத்தைத் தொடவே கூடாது. மெல்லிய ஜப்பானியத் தாள் கீலில், கோதுமை மாவுப் பசை தொட்டு, மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் தொங்கவிட வேண்டும். பின்பக்கம் நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று ஓடும், சுவர் ஓதம் ஏறாது.

கண்ணாடி வெளிச்சத்தைவிடக் காற்றைத்தான் நன்றாகத் தடுக்கிறது. சாய மையில் ஏற்கெனவே அடித்துவிட்டவர்களும் உடனே கண்ணாடி போட்டால் ஆயுள் கூடும். சந்தனமும் குங்குமமும் வைக்கிற படத்துக்கு அக்ரிலிக் வேண்டாம், துடைத்துத் துடைத்துக் கீறல் விழும். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகைக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். படத்தின் மேல் எரியும் சீரோ வாட் பல்பை எல்இடியாக மாற்றிவிடுங்கள், சூடு குறையும்.

கண்ணாடி வேண்டாம் என்பவர்களுக்கு ஹானமூலே புரொடெக்டிவ் ஸ்பிரே மாதிரி பிரிண்டுக்கென்றே வரும் ஸ்பிரே உண்டு. மெல்லிதாக மூன்று தடவை. மழை நாளில் மொட்டை மாடியில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். காய்ந்த நாளாகப் பாருங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: பெட்டியில் இருப்பவை

மாட்டாத பிரதிகளைப் பிவிசி உறை ஆல்பத்தில் வைக்காதீர்கள், அந்த வாசனையே கெடுதலின் அறிகுறி. பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. அமிலமற்ற பெட்டி கிடைத்தால், ஐஎஸ்ஓ 18916 சோதனை தேறியதா என்று பாருங்கள். போட்டோவோடு பழக ஏற்ற பொருளா என்று பார்க்கும் சோதனை அது. பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு மருந்து சுத்தமும் காற்றோட்டமும்தான்.

பெட்டி தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டையில் சித்தப்பா வீட்டுக் கட்டிலடிப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. சாய மைப் படங்கள் கலங்கி, எது யார் என்றே தெரியவில்லை. நான் கொடுத்திருந்த இரண்டு பருத்திப் பிரிண்டுகளை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, வெள்ளைத் துணி மேல் விரித்து நிழலில் காயவைத்தோம். ஓரத்தில் பழுப்புக் கறை நின்றது, பேப்பர் அலை அலையாக நெளிந்தது. முகங்கள் பிழைத்தன.

ஒவ்வொரு பிரிண்டின் பின் ஓரத்திலும் மென்மையான பென்சிலால் நான்கு விஷயம் எழுதுங்கள்: யார், எந்த ஆண்டுப் படம், எந்த மையிலும் பேப்பரிலும் அடித்தது, அடித்த தேதி. பால் பாயின்ட் முன்பக்கம் தடம் போடும். ஆர்சி பேப்பரின் முதுகில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுதிவிடலாம்.

ஆயா படத்தை 2018-ல் நிறமி மையில், பிளாட்டின் பேப்பரில் மறுபடி அடித்து, மவுண்டும் கண்ணாடியும் போட்டு அதே ஆணியில் மாட்டினோம். கூட அடித்த சாம்பல் படிக்கட்டு பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு போகிக்கும் வெள்ளையடிக்கப் படங்களை இறக்கும்போது, தெருவில் டயர் புகை அடங்கும்வரை ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்தப் பட்டையைப் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறேன். இந்த வருஷம் அத்தையும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். "ம்ம், அப்டியேதான் கீறாங்க" என்றார்.